அம்மாவுக்கு வைட்டமின் டி 9.2: இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் எப்படி?

#1 செல்வி_போடி
எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்கு 58 வயசு. ரொம்ப நாளா தொடையும் இடுப்பும் வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. தரையில உட்கார்ந்தா கையை ஊன்றித்தான் எழுந்திரிக்க முடியுது. பஸ் படி ஏற யாராவது கை கொடுக்கணும். மூட்டுத் தேய்மானம்னு சொல்லி தைலமும் வலி மாத்திரையுமா ஓடிட்டு இருந்துச்சு. இப்ப பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். வைட்டமின் டி 9.2 நானோகிராம். 30க்கு மேல இருக்கணும்னு ரிப்போர்ட்லயே அச்சடிச்சிருக்கு. வாரம் ஒரு மாத்திரை, 60,000 யூனிட், எட்டு வாரத்துக்கு எழுதியிருக்கார். கூடவே தினமும் கால்சியம்.

எங்க மாமா கத்துறார். "போடில இல்லாத வெயிலா? எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். காலைல வாசல்ல நில்லுக்கா, போதும்"ங்கிறார். அம்மா அவர் பேச்சைத்தான் கேப்பாங்க. அறுபதாயிரம்னு பார்த்ததும் எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கதிரவன்தாசன்
மகளே, உன் மாமா சொல்வதில் பிழையில்லை. நான் பணி ஓய்வு பெற்றவன். தினமும் விடியலில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் இளம் வெயிலில் நடக்கிறேன். இன்றுவரை மாத்திரை என்று ஒன்றைத் தொட்டதில்லை. ஞாயிறைத் தொழுத இனம் நாம். பொங்கலைக்கூட அவனுக்குத்தான் படைக்கிறோம். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு அட்டை அட்டையாக வாங்கி விழுங்குவானேன்?

#3 மருந்துக்கடை_மதுரை
ஐயா, கோவிச்சுக்காதீங்க. நடை நல்லது, நிறுத்தவே வேணாம். ஆனா காலைல ஆறு மணி வெயில்ல வைட்டமின் டி கிடைக்காது. அதுக்கு வேண்டியது புறஊதா 'பி' கதிர். சூரியன் கீழ்வானத்துல சாஞ்சு கிடக்கும்போது அந்தக் கதிர் காத்து மண்டலத்தைக் குறுக்கே ரொம்ப தூரம் கடந்து வரணும். வழியிலேயே ஓசோன் குடிச்சிரும். வெளிச்சம் வரும், சூடு வரும், நமக்கு வேண்டியது மட்டும் வராது.

கடைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்ற கணக்கு இதுதான்: உங்க நிழல் உங்களை விட நீளமா இருந்தா அந்த வெயிலால பிரயோசனம் இல்ல, குட்டையா இருந்தா உண்டு. நம்ம பக்கம் பத்து, பத்தரையில இருந்து மூணு மணி வரைக்கும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ள இருந்து காய்ஞ்சாலும் கணக்குல வராது, கண்ணாடி அந்தக் கதிரை விடாது.

செல்வி, மாத்திரையப் பத்தி முக்கியமா ஒண்ணு. அது வாரம் ஒண்ணு. தினம் ஒண்ணு இல்ல. எட்டு மாத்திரைய எட்டே நாள்ல தின்னுட்டு "தீந்துபோச்சு, இன்னொரு அட்டை குடுங்க"ன்னு வர்றவங்கள நான் பார்க்கிறேன். ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாளை வெச்சுக்கோங்க, காலண்டர்ல வட்டம் போடுங்க. இது கொழுப்புல கரையிற சத்து, அதனால வெறும் வயித்துல வேணாம். மதியச் சாப்பாடு முடிச்சதும் போடச் சொல்லுங்க. கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒண்ணா விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா அதுக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும்.

#4 உயிர்வேதி
மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நோயாளி பார்க்கிற டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

"வெயில் இருக்கிறதே, ஏன் குறைகிறது?" என்பது நல்ல கேள்வி. நம் தோலில் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. பெயர் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால். ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் பட்டால் அது உடைந்து டி3 ஆகிறது. டி3 ஈரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடையும். ரத்தத்தில் நாம் அளப்பது அந்த உருவத்தை. பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அப்போதுதான் அது வேலை செய்யும் ஹார்மோன். ஆகவே கதிர் தோலில் படவேண்டும், தோல் ஒத்துழைக்கவேண்டும், ஈரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கவேண்டும்.

ஊரில் அடிக்கும் வெயிலும் ஒருவர் தோலில் விழும் வெயிலும் ஒன்றல்ல. நம் கருநிறத்துக்குக் காரணமான மெலனின் இதே கதிரைத்தான் தடுக்கிறது. அது தோலுக்குப் பாதுகாப்பு, ஆனால் வெள்ளைத்தோல்காரருக்கு ஆகும் நேரத்தைப் போல் பல மடங்கு நமக்கு ஆகும். வயது ஏற ஏற தோலில் மூலப்பொருளும் குறையும். எழுபது வயதில் இருபது வயதுக்காரரின் பாதியளவுகூட உண்டாகாது. முழுக்கை, முழுச்சேலை, பெருநகரத்துப் புகை என்று இன்னும் அடுக்கலாம்.

திருப்பதியில் ஆண்டு முழுக்க வெயில்தான். அங்கே நலமாக இருந்தவர்களையே சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி போதவில்லை. வயலில் வேலை செய்த கிராமத்தினருக்கு நகரத்தினரைவிட அளவு கூடுதலாக இருந்தது. அதே ஊரில் இன்னொரு சோதனையில், வேதிப்பொருள் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொரு மணிக்கும் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். பகல் 11 முதல் 2 வரைதான் மாற்றம் நன்றாக நடந்தது. கதிரவன்தாசன் ஐயாவின் ஐந்தே முக்கால் அந்தப் பட்டியலில் இல்லை.

செல்வி, அம்மா என்ன வேலை பார்க்கிறார்? அந்த ரிப்போர்ட்டில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பின் நிலையைக் காட்டும் நொதி), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) இருந்தால் எழுதுங்கள்.

#5 சந்தேகப்பேர்வழி
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அலுவலகத்தில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு "குறைபாடு". ஒருவருக்கும் ஒரு வலியும் இல்லை. எல்லாருக்கும் அதே அட்டை. ஊரில் முக்கால்வாசிப் பேர் குறைவு என்றால், குறைவது வைட்டமினா, அளவுகோலைப் போட்டவரின் நியாயமா?

போன பத்து இருபது ஆண்டில் இந்த வைட்டமின் டி எதற்கெல்லாம் மருந்தானது பாருங்கள். மாரடைப்பு, புற்றுநோய், சர்க்கரை, மனச்சோர்வு, முடி கொட்டுவது, கடைசியில் கொரோனாவும் சேர்ந்தது. இவ்வளவுக்கும் ஒரே மாத்திரை என்றாலே எனக்கு உதறும். அமெரிக்காவில் வைட்டல் என்று பெரிய சோதனை. 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல். மாரடைப்பு குறையவில்லை, புற்றுநோய் வருவது குறையவில்லை. 2022இல் எலும்பு முறிவும் குறையவில்லை என்று எழுதிவிட்டார்கள். கதை முடிந்தது.

#6 வார்டுசிஸ்டர்
கதை எங்கே முடிஞ்சது? எங்க எலும்பு வார்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்க. கழிப்பறையில வழுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சு வர்ற பாட்டிகள்ல எத்தனை பேருக்குத் தொடைல பலமே இல்லைன்னு தெரியும். செல்வி எழுதினது அப்படியே அந்த மாதிரி. உட்கார்ந்தா எழ முடியலை, படி ஏற முடியலை. அது மூட்டு நோவு இல்லம்மா, தொடைத் தசை பேசுது.

#7 செல்வி_போடி
உயிர்வேதி சார், அம்மா ஏலக்காய் பொறுக்கிற வேலைக்குப் போறாங்க. இங்க போடில நிறையப் பொம்பளைங்களுக்கு அதுதான் வேலை. காலைல எட்டரைக்குள்ள உள்ள போனா சாயங்காலம்தான் வெளிய வருவாங்க. டியூப் லைட் வெளிச்சத்துல உட்கார்ந்து பச்சைக் காய், வெளுத்த காய், வெடிச்ச காய்னு தனித்தனியா பிரிக்கணும். ஞாயிறு ஒரு நாள் லீவு, அன்னைக்கு வீட்டு வேலை. இருபது வருஷத்துக்கு மேல இப்படித்தான். நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நீங்க சொல்ற 11லேர்ந்து 2 மணி வெயிலை அம்மா பார்க்கிறதே இல்லை.

கால்சியம் 8.3, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 214ன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. கிரியாட்டினின் 0.7. பாஸ்பரஸ் எடுக்கலை.

#8 உயிர்வேதி
ஏலக்காய்க் கூடம் என்றதும் பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

சந்தேகப்பேர்வழிக்கு முதலில். உங்களோடு பாதி வழி வருகிறேன். 30 என்ற எல்லைக்கோடு, ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2011இல் பரிந்துரைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 20 இருந்தாலே ஏறத்தாழ எல்லாருடைய எலும்புக்கும் போதும் என்றது. 2024இல் எண்டோகிரைன் சொசைட்டியே அந்த 30ஐக் கைவிட்டு, தொந்தரவு ஏதுமில்லாத பெரியவர்களுக்குச் சும்மா இந்தச் சோதனை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. நம் ஊர் ரிப்போர்ட் தாள்களில் பழைய எண்ணே இன்னும் அச்சாகிறது. 24 வைத்துக்கொண்டு நன்றாக நடமாடும் உங்கள் அலுவலக நண்பர் நோயாளி இல்லை.

ஆனால் வைட்டலில் சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலோர் ஏற்கெனவே போதுமான அளவு வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு மேலும் ஊற்றினால் பலன் இல்லை என்று அந்தச் சோதனை காட்டியது. 9 வைத்திருப்பவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 9இல் நடப்பது வேறு. வைட்டமின் டி போதுமானபோது உணவில் உள்ள கால்சியத்தில் 30 முதல் 40 விழுக்காடு வரை குடல் உறிஞ்சும். இல்லாதபோது 10, 15தான். ரத்தத்தில் கால்சியம் தாழ்ந்தால் இதயமும் நரம்பும் தடுமாறும் என்பதால் உடல் அதை அனுமதிக்காது. பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். வருடக்கணக்கில் இது நடந்தால் புது எலும்பில் புரதச் சட்டகம் இருக்கும், தாது ஏறாது. கம்பி கட்டியாயிற்று, கான்கிரீட் கொட்டவில்லை. பெரியவர்களுக்கு இதை ஆஸ்டியோமலேசியா என்பார்கள், குழந்தைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ். எலும்புச் செல்கள் ஓயாமல் முயல்வதால்தான் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறுகிறது. வலி, தொடைப் பலவீனம், 9.2, ஓரத்துக்கு இறங்கிய கால்சியம், ஏறிய பாஸ்பட்டேஸ் எல்லாம் ஒரே திசையில் கை காட்டுகின்றன. உறுதி செய்யவேண்டியவர் உங்கள் டாக்டர். ஆனால் இது "கம்பெனி வியாபாரம்" என்று ஒதுக்கக்கூடிய ரிப்போர்ட் இல்லை.

இது புதிதாகக் கிளப்பிய கதையும் இல்லை. கரிப்புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் குழந்தைகளின் கால் வளைந்ததுதான் தொடக்கம். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் பாதரச விளக்கின் கதிரை மட்டும் காட்டி ரிக்கெட்ஸைக் குணமாக்கினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு நோய் வரவழைத்து, காட் மீன் ஈரல் எண்ணெயால் மாற்றிக் காட்டினார். வெளிச்சமும் மீனெண்ணெயும் ஒரே வேலையைச் செய்தது எப்படி என்று அவிழ்க்கச் சில ஆண்டுகள் ஆயின. அதை அவிழ்த்தவர்களில் ஒருவரான ஜெர்மன் வேதியியலாளர் விண்டாஸுக்கு 1928இல் நோபல் பரிசு.

#9 சந்தேகப்பேர்வழி
சரி, செல்வியின் அம்மாவுக்கு மருந்து வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அவரை நான் மறுக்கவே இல்லை. எலும்பும் தசையும் என்றால் பேச்சே இல்லை. மற்ற விளம்பரத்துக்குத்தான் நான் எதிரி. சர்க்கரை, சளிக்காய்ச்சல் விஷயத்தில் என்ன சொல்கிறீர்கள்?

#10 உயிர்வேதி
சர்க்கரையின் விளிம்பில் இருந்த 2,423 பேருக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்த சோதனை 2019இல் வந்தது. கொஞ்சம் குறைந்தாற்போலத் தெரிந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சளி, மூச்சுத்தொற்று விஷயத்தில் 2017இல் பல சோதனைகளைக் கூட்டிப் பார்த்தபோது நம்பிக்கை பிறந்தது. பின்னால் புதிய சோதனைகளையும் சேர்த்ததும் அது மங்கிவிட்டது. நீங்கள் கொண்டாடும் அதே வைட்டலில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற, உடலின் தற்காப்பே உடலைத் தாக்கும் நோய்கள் புதிதாக வருவது 22 விழுக்காடு குறைந்தது. அதை இன்னொரு சோதனை உறுதி செய்யும்வரை நான் அடக்கியே பேசுவேன்.

#11 லண்டன்_வதனி
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில. இஞ்ச கதை வேற. ஒக்டோபரில இருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் நடுப்பகலிலயும் சூரியன் பதிஞ்சுதான் நிற்கும். உடுப்பைக் கழட்டிப்போட்டு நிண்டாலும் விட்டமின் டி வராது. அதுதான் இஞ்ச அரசாங்கமே எல்லாரையும் இலையுதிர், குளிர் காலத்தில ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம், எண்டால் 400 யூனிட், எடுக்கச் சொல்லுது. எங்களைப் போல நிறமான தோல் உள்ள ஆக்கள் வருசம் முழுக்க எடுக்கிறது நல்லது எண்டும் சொல்லுது. ஒஸ்லோவில இருக்கிற இலங்கை ஆக்களையும் கண்டியில இருக்கிற ஆக்களையும் ஒப்பிட்டு 2008இல ஒரு ஆய்வு வந்தது. நோர்வேயில இருக்கிற எங்கட சனத்துக்கு நல்லாக் குறைவு.

இன்னொரு விசயம், அங்க இங்க ரிப்போட் மாத்திப் பாக்கிற ஆக்களுக்கு. இஞ்ச நானோமோலில தருவினம். எனக்கு 45 எண்டு வந்தது. ஊரில இருக்கிற அண்ணாவுக்கு 19. "உனக்கு எவ்வளவு கூட, நீ ஏன் குளிசை போடுறாய்" எண்டு கேட்டார். நானோகிராமை இரண்டரையால பெருக்கினால் நானோமோல். அவற்ற 19 எண்டது என்ர கணக்கில 47க்குக் கிட்ட. இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில.

#12 காயத்ரி_குடந்தை
நாங்க சைவம், முட்டைகூட இல்லை. கேழ்வரகு, பால், கீரை எல்லாம் சாப்பிடறோம். அதுல வராதா? வெயில்ல காயவெச்ச வடாம், வத்தல்ல வைட்டமின் டி ஏறும்னு ஒரு வாட்ஸாப் வேற வந்துது.

#13 மருந்துக்கடை_மதுரை
வடாம்ல ஏறாதுங்க, அதுல மூலப்பொருளே இல்ல. கேழ்வரகுல கால்சியம் ஏகத்துக்கு இருக்கு, நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் வரும். வைட்டமின் டி இல்ல. கீரையும் அப்படித்தான். சைவத்துல உருப்படியா ஒண்ணுன்னா காளான். மொட்டுக் காளானை நறுக்கி மத்தியான வெயில்ல தட்டுல பரப்பி ஒரு அரை மணி, முக்கால் மணி வெச்சா வைட்டமின் டியோட இன்னொரு வகையான டி2 உண்டாகும். இருட்டு அறையில வளர்ந்ததை அப்படியே சமைச்சா பெருசா ஒண்ணும் இல்ல. பால் பாக்கெட்டுல பிளஸ் எஃப் குறி பார்த்து வாங்குங்க, வைட்டமின் ஏவும் டியும் சேர்த்தது. சமையல் எண்ணெய்லயும் அந்தக் குறி வருது. ஆனா லிட்டர் பாலுக்கு 200, 300 யூனிட்தான். பெரியவங்களுக்கு நாளைக்கு 600 வேணும்னு நம்ம ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. ரெண்டு தம்ளர் பால்ல எங்க போறது?

மீன் சாப்பிடுறவங்களுக்கு மத்தி, கானாங்கெளுத்தி. விலையும் கம்மி. முட்டைல மஞ்சக்கருவுல 40 யூனிட் இருந்தா அதிகம். வெள்ளைக்கருவை மட்டும் தின்னுட்டு மஞ்சளைத் தூக்கிப் போடுற ஜிம் பசங்களுக்கு அதுவும் போச்சு.

#14 கதிரவன்தாசன்
நல்லது, அறிவியல் என்றால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பதினொரு மணி வெயிலில் நில் என்று ஒரு முதியவனிடம் சொல்கிறீர்களே, கத்திரி வெயிலில் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? பிறந்த குழந்தையை நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்துக் காலை இளவெயிலில் காட்டினார்களே, அதுவும் வீணா?

#15 வார்டுசிஸ்டர்
ஐயா, கத்திரில யாரும் நிக்கச் சொல்லலை. அந்த மாசத்துல பத்து மணி வெயிலே போதும் போதும்னு இருக்கும். முகம், கை, முழங்காலுக்குக் கீழே படுற மாதிரி இருபது முப்பது நிமிஷம், வாரத்துல நாலஞ்சு நாள், அதுவும் தலைல துண்டு போட்டுக்கிட்டு. தோல் கன்றுற வரைக்கும் நின்னா கூடுதலா கிடைக்கும்னு இல்லை, ஒரு அளவுக்கு மேல தோலே உற்பத்தியை நிறுத்திக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க தண்ணி குடிச்சிட்டுப் போங்க.

பாட்டிமார் வைத்தியத்துல குழந்தைக்குக் கதகதப்பும் தாயோட கையும் கிடைச்சது, அது வீண் இல்லை. வைட்டமின் டிக்கு அதை நம்ப முடியாது. தாய்ப்பால்லயும் இது ரொம்பக் குறைவு. அதனாலதான் பிறந்ததுலேர்ந்து ஒரு வயசு வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்றாங்க. தாய்மாருக்கு ஒரு எச்சரிக்கை: சில பாட்டில்ல ஒரு மில்லிக்கு 400, சிலதுல 800. பாட்டில் மாறினா அளவும் மாறும். லேபிளைப் படிக்காம பழைய கணக்குல கொடுக்காதீங்க.

ஊசியைப் பத்தியும் சொல்லிடறேன். "ஒரே ஊசி, ஆறு லட்சம், வருஷம் பூரா கவலை இல்லை"ன்னு கேட்டு வர்றாங்க. ஆஸ்திரேலியால எழுபது வயசு தாண்டின 2,256 பெண்கள்ல பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அஞ்சு லட்சம் யூனிட் வாயிலேயே கொடுத்துப் பார்த்தாங்க. 2010ல முடிவு வந்துது. விழறது குறையலை, கூடிச்சு. எலும்பு முறிவு 26 விழுக்காடு அதிகம். மொத்தமாக் கொட்டறதை உடம்பு விரும்பலை. மாசக்கணக்குல தினம் 60,000 சாப்பிட்டா கால்சியம் ஏறி, தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசில சிறுநீரகம். தண்ணில கரையிற வைட்டமின் மாதிரி மிச்சம் வெளிய போயிடாது, கொழுப்புல தங்கும்.

கல்லடைப்பு இருந்தவங்க, வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட அதைச் சொல்லணும். வலிப்பு மாத்திரைகள்ல சிலது இந்த வைட்டமினைச் சீக்கிரம் கரைச்சிடும்.

#16 செல்வி_போடி
ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன். அம்மா எட்டு மாத்திரையும் முடிச்சாங்க, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா. #8ஐ அப்படியே மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்ப சரி"ன்னு சொல்லிட்டு அவரும் டெஸ்ட் எடுக்கப் போறேன்னார். தொந்தரவு இல்லாதவங்களுக்கு வேண்டாம்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்.

இப்ப அம்மா தரையிலேர்ந்து கை ஊன்றாம எழுந்திரிக்கிறாங்க. இடுப்பு வலி பெரும்பாலும் போயிடுச்சு. வலது முழங்கால் மட்டும் படி இறங்கும்போது குத்துது. எக்ஸ்ரே பார்த்துட்டு அது நிஜமாவே தேய்மானம்தான், இந்த மாத்திரைக்குக் கேக்காதுன்னு சொல்லிட்டார். பாஸ்பட்டேஸ் 160க்கு இறங்கியிருக்கு, இன்னும் இறங்க மாசக்கணக்கு ஆகுமாம். இனி மாசம் ஒரு மாத்திரை. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் பார்க்கணும்.

கூடத்துல மதியச் சாப்பாட்டை மொட்டை மாடியில வெச்சுக்கலாமான்னு அம்மா கேட்டிருக்காங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து போறாங்களாம். மத்தவங்க கறுத்துடுவோம்னு வரலையாம்.

#17 சந்தேகப்பேர்வழி
மகிழ்ச்சி. மாமாவை நிறுத்தி வைத்ததற்குத் தனியாக ஒரு மகிழ்ச்சி.

#18 காயத்ரி_குடந்தை
சிஸ்டர், ஒரு சின்னக் கேள்வி. என் மாமனாருக்கு டயாலிசிஸ் போயிண்டிருக்கு. அவருக்கும் டி கம்மின்னு வந்துருக்கு. இதே 60,000 மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா?

#19 வார்டுசிஸ்டர்
நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்கம்மா. உயிர்வேதி சார் சொன்ன கடைசி மாற்றம் நடக்கிறதே சிறுநீரகத்துலதான். அது வேலை செய்யாதபோது, ஏற்கெனவே மாற்றம் முடிஞ்ச கால்சிட்ரியால்தான் அவருக்கு வேண்டியிருக்கலாம். சில பேருக்கு ரெண்டும் தருவாங்க. பாஸ்பரஸ், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் மூணையும் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. அடுத்த டயாலிசிஸ் அன்னைக்கு ரிப்போர்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போய் சிறுநீரக டாக்டர்கிட்டயே காட்டுங்க.